திரை விழுந்தது, கண்ணாடி விழவில்லை!

பார்க்குமிடமெல்லாம் பச்சை. பளிங்குச் சுவர் பச்சை, பாவிய தெரு பச்சை, பலகணி பச்சை, மேலே விரிந்த வானம் பச்சை, அதிலிருந்து விழும் கதிரொளியும் பச்சை! மாந்தர் உடுத்தும் ஆடை பச்சை. மழலைகள் சுவைக்கும் மிட்டாய் பச்சை. அதை வாங்க அவர்கள் நீட்டும் காசும் பச்சை! இப்படியொரு நகரம் ஏட்டிலே எழுந்து நூறாண்டுக்கு மேலாகிறது. மரகத நகரம் என்பது அதன் பெயர். ஓஸ் என்னும் கற்பனை நாட்டின் தலைநகரம் அது. அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் பாம் எழுதி, டென்ஸ்லோ படம் வரைந்து, 1900-ஆம் ஆண்டு சிகாகோவிலிருந்து வெளிவந்த 'வியத்தகு ஓஸ் மந்திரவாதி' என்னும் சிறுவர் நூலில் அந்நகர் பிறந்தது.

"பகுத்தறிவு பேசும் ஏட்டில் பாலர் கதைக்கு என்ன வேலை?" என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. கற்பனை நகரின் கல்லும் மதிலும் கதை முடிந்ததும் கரைந்துபோகும். அந்நகரை நடத்திய முறை கரைவதில்லை. ஒருவன் ஏய்த்தான், ஊர் ஏமாந்தது. திரைக்குப் பின்னே ஒளிந்திருந்த கிழவன், திரை சரிந்ததும் அகப்பட்டுக்கொண்டான். அத்துடன் வாய்மை வென்றது - உலகம் நினைவில் வைத்திருக்கும் கதை இதுதான். நாம் சொல்ல வருவது வேறு. திரை விழுந்தது மெய். ஆனால் ஊரார் கண்களில் பூட்டியிருந்த பச்சைக் கண்ணாடி விழவேயில்லை! திரை சரிந்ததைக் கண்டு கைதட்டிவிட்டுக் கண்ணாடியை மறந்துவிடும் பழக்கம் கதை படிப்போர்க்கு மட்டும் உரியதன்று. சீர்திருத்தம் பேசுவோர்க்கும் உண்டு. ஆகவேதான் எழுதுகிறோம்.

வாயிலில் ஒரு பூட்டு

ஓஸ் நாட்டைச் சுற்றி நாற்புறமும் பாலை. கிழக்கே மஞ்ச்கின்கள் நாடு. அங்கே வேலியும் வீடும் நீலம். மேற்கே விங்கிகள், அங்கே எல்லாம் மஞ்சள். தெற்கே குவாட்லிங்குகள், சிவப்பு. வடக்கே கில்லிகின்கள், ஊதா. இந்நான்கு பகுதிகளிலும் நிறம் தூரிகையால் வந்தது. தமக்குப் பிடித்த வண்ணத்தைத் தம் வீட்டுக்குத் தாமே பூசிக்கொண்ட மக்கள் அவர்கள். அதில் வஞ்சகம் இல்லை. நடுவிலே நிற்கும் மரகத நகரத்தின் கதையோ வேறு.

கான்சாஸ் மாநிலத்துச் சிறுமி டாரதி, சூறாவளியில் வீட்டோடு தூக்கி எறியப்பட்டு இந்நாட்டில் வந்து விழுகிறாள். ஊர் திரும்ப வேண்டும். வழிகாட்ட வல்லவன் மரகத நகரத்து மந்திரவாதி ஒருவனே என்கிறார்கள். மூளை வேண்டும் என்னும் சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் வேண்டும் என்னும் தகர மனிதன், வீரம் வேண்டும் என்னும் கோழைச் சிங்கம் ஆகிய மூவரும் அவளுடன் சேர்ந்து மஞ்சள் செங்கற்சாலையில் நடக்கிறார்கள். முடிவில் நகரின் பச்சை மதில் தெரிகிறது. வாயிற் கதவிலே பதித்த மரகதங்கள், பொம்மையின் தீட்டிய கண்களையும் கூசச் செய்கின்றன.

ஈண்டு நின்று கவனிக்க வேண்டும். இவர்கள் இன்னும் கண்ணாடி அணியவில்லை. வாயிலில் கண்ட பச்சை மெய்யான பச்சை. வாசலில் உண்மைச் சரக்கை வைத்துவிட்டு, உள்ளே போலிச் சரக்கை விற்கும் வாணிபம் அது! அடுத்து என்ன நிகழ்கிறது? வாயிற்காவலன் ஒரு பெரிய பெட்டியைத் திறக்கிறான். உள்ளே அளவுக்கொன்றாகப் பச்சைக் கண்ணாடிகள். இவற்றை அணியாவிட்டால் நகரின் ஒளியும் சிறப்பும் கண்ணைக் குருடாக்கிவிடும் என்கிறான். உள்ளே வாழ்பவரும் இரவு பகல் எந்நேரமும் அணிந்தே தீரவேண்டுமாம். வெறுமனே அணிந்தாலும் போதாது. பொற்பட்டை இரண்டு தலைக்குப் பின்னே சென்று பொருந்த, அங்கே பூட்டு! நகர் எழுந்த நாளில் ஓஸ் இட்ட ஆணை அது. திறவுகோல் ஒன்றே ஒன்று. அது காவலன் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. சிறுமியின் நாய்க்கும் கண்ணாடி பூட்டப்படுகிறது என்றால், ஆணையின் கண்டிப்பை என்னென்பது!

பட்டை பொன்னால் ஆனது என்பதை மறவாதீர். விலங்கு பொன்னாலானால் அதை அணி என்று எண்ணுவோர் எத்தனை பேர்! மேலும், காவலன் சொல்லும் காரணத்தைச் சீர்தூக்கிப் பாருங்கள். "உண்மையைக் காணாதே" என்று அவன் சொல்லவில்லை. "உன் கண்ணைக் காத்துக்கொள்" என்கிறான். ஏய்ப்பவன் அடக்குமுறையை அன்பின் பெயரால்தான் பூட்டுவான். அன்பிலே பிறந்த காப்பு என்றால், கழற்றும் உரிமை அணிந்தவனிடமன்றோ இருக்க வேண்டும்? திறவுகோல் ஏன் வேறொருவன் கழுத்தில்?

வீதியிலே வாழ்வு

நகருக்குள் செல்வோம். பச்சைப் பளிங்கு வீடுகள். வரிசையாகக் கடைகள். பச்சைச் சோளப்பொரி, பச்சைக் காலணி, பச்சைத் தொப்பி. ஒருவன் பச்சை எலுமிச்சைச் சாறு விற்கிறான். குதிரையோ வேறு விலங்கோ வீதியில் இல்லை. சுமையெல்லாம் மனிதர் தள்ளிச் செல்லும் கைவண்டிகளில் போகிறது. எல்லாரும் நிறைவோடும் செழிப்போடும் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆசிரியர் அதை மறைக்கவில்லை, நாமும் மறுக்கவில்லை.

ஆனால் அந்நகரின் பொதுவாழ்வு எப்படிப்பட்டது? மன்றம் இல்லை. ஆளுவோனிடம் முறையிடும் வழக்கம் இல்லை. "ஓஸைக் காண வேண்டும்" என்று டாரதி சொன்னதும் வாயிற்காவலன் திகைத்துப்போகிறான். அப்படி ஒருவர் கேட்டுப் பல்லாண்டு ஆயிற்றாம்! வீண் காரியத்துக்காக வந்திருந்தால் நொடியில் அழித்துவிடுவான் என்று எச்சரிக்கிறான். அரண்மனைக் காவலுக்கு நிற்கும் பச்சைத் தாடிப் படைவீரனும் தலைவனைப் பார்த்ததில்லை. திரைக்கு அப்பாலிருந்து குரல் வரும், அவ்வளவே. ஒருவன் சொல்கிறான் ஓஸ் பறவை வடிவில் வருவான் என்று. இன்னொருவன் யானை வடிவில் என்று. எல்லாரும் கேட்டவர், எவரும் கண்டவரல்லர். காணாத ஒன்றைப் பற்றி எத்தனை உருவம், எத்தனை கதை! கண்டவர் ஒருவர் இருந்தால் கதை ஒன்றாக இருந்திருக்கும். கண்டவர் எவரும் இல்லாததால்தான் கதை நூறாயிற்று.

அந்நகரில் சான்று மறைத்து வைக்கப்பட்டதா? இல்லை; கண்ணெதிரே கிடந்தது. அரண்மனையில் டாரதி அணிந்துகொண்ட அழகிய பச்சை உடை, கண்ணாடி கழற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேறியதும் வெள்ளையாகத் தெரிகிறது. நாயின் கழுத்தில் கட்டிய நாடாவும் அப்படியே. சிறுமி வியக்கிறாள். வியந்ததோடு சரி! "உள்ளே பச்சை, வெளியே வெள்ளை, நடுவில் மாறியது கண்ணாடி ஒன்றுதானே?" என்ற ஒரு கேள்வி, ஒரே கேள்வி, அங்கே எழவில்லை. பள்ளியில் பாடம் சொல்லும் நாம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறோம். வியப்பு அறிவின் வாசல்தான். ஆனால் வாசலிலேயே நின்றுவிடுபவர் வீடு சேர்வதில்லை.

நகரம் யார் கட்டியது?

இந்நகரின் வரலாற்றை ஏய்த்தவன் வாயாலேயே கேட்கிறோம். அவன் மந்திரவாதியல்லன். ஓமாஹாவில் பிறந்தவன். வாயசையாமல் குரலை வேறிடத்திலிருந்து வரச் செய்யும் வித்தை கற்றவன். பின்னர் சர்க்கஸ் கம்பெனியில் பலூன் ஏறிக் கூட்டம் சேர்த்தவன். ஒருநாள் கயிறு சிக்கிக்கொள்ள, பலூன் காற்றோடு போய் இந்நாட்டில் இறங்கியது. வானிலிருந்து வந்தவனைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். பெரிய மந்திரவாதி என்று நினைத்தார்கள். சொன்னதைச் செய்கிறோம் என்றார்கள். அவன் மறுக்கவில்லை. அதுதான் அவன் செய்த முதற்குற்றம். பொய்யை அவன் படைக்கவில்லை. மக்களின் அச்சம் படைத்தது. அவன் செய்தது, அதன்மேல் ஏறி அமர்ந்ததுதான்.

பிறகு, தன் பொழுதுபோக்குக்காகவும் மக்களுக்கு வேலை இருக்க வேண்டுமென்பதற்காகவும் நகரத்தையும் மாளிகையையும் கட்டச் சொன்னானாம். கட்டியவர் யார்? கல் சுமந்தவர் யார்? மக்கள். நாடு பசுமையாக இருந்ததால் மரகத நகரம் என்று பெயரிட்டான். பெயர் பொருந்தப் பச்சைக் கண்ணாடி மாட்டினான். மற்ற நகரங்களைவிட இங்கே பச்சை மிகுதி இல்லை என்று அவனே சொல்லிவிடுகிறான். ஆனால் அவன் நாட்டைவிட்டுப் போன பின் மக்கள் என்ன சொல்லி அழுகிறார்கள் தெரியுமா? நமக்கு இந்த எழில்நகரைக் கட்டித் தந்த நண்பன் போய்விட்டானே என்று! தம் கையால் கட்டியதைத் தம் வாயாலேயே பிறன் கொடை என்கிறார்கள். கண்ணில் மாட்டிய கண்ணாடி கருத்திலும் ஏறிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. 1904-ல் வந்த இரண்டாம் நூலில், மந்திரவாதி வருமுன் பஸ்டோரியா என்னும் அரசன் அங்கு ஆண்டான் என்றும், அவன் மகளான ஓஸ்மா என்னும் குழந்தையை மந்திரவாதி மோம்பி என்னும் சூனியக்காரியிடம் ஒப்படைத்து மறைத்தான் என்றும் அறிகிறோம். 1908-ல் வந்த நான்காம் நூலிலோ, பழியெல்லாம் சூனியக்காரிகள் தலையில் விழ, மந்திரவாதி நகரைக் கட்டிய நல்லவனாக வரவேற்கப்பட்டு, அரண்மனையிலேயே பதவியும் பெறுகிறான்! எட்டே ஆண்டில் ஒரே நகரத்துக்கு மூன்று வரலாறு. கற்பனை நகரம்தானே என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: முதல் இரண்டையும் மறந்து மூன்றாவதை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு மந்திரவாதி யார்? கொடைவள்ளல் அல்லவா!

நல்லவன் என்னும் வாதம்

நால்வருக்கும் அவன் நான்கு வடிவில் காட்சி தந்தான். சிறுமிக்குப் பெரும் தலை. பொம்மைக்கு அழகிய மங்கை. தகர மனிதனுக்குக் கொடிய விலங்கு. சிங்கத்துக்கு நெருப்புப் பந்து. பின்னர் பார்த்தால், தலை காகிதம். மங்கை முகமூடியும் உடையும். விலங்கு தைத்த தோல். நெருப்பு, எண்ணெய் ஊற்றி எரித்த பஞ்சு. சிங்கத்தின் கர்ச்சனைக்கு வெருண்ட நாய் துள்ள, திரை சாய்ந்தது. வழுக்கைத் தலைக் கிழவன் வெளிப்பட்டான். தான் மிக நல்ல மனிதன் என்றும், மந்திரவாதியாக மட்டுமே மோசமானவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். திறனாய்வாளர் பலரும் இதை ஏற்றுக்கொண்டு அவனிடம் இரக்கம் காட்டுகிறார்கள். நமக்கு அது இயலவில்லை.

காரணம் சொல்வோம். உதவி கேட்டு வந்த அந்தச் சிறுமியிடம் அவன் கேட்ட கூலி என்ன? மேற்குத் திசைச் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வா என்பது! அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லையே என்று குழந்தை அழுகிறாள். அவன் அசையவில்லை. சூனியக்காரியிடம் அவனுக்கு அச்சம். அந்த அச்சம் தீர ஒரு குழந்தையைச் சாவின் வாய்க்கு அனுப்புகிறான். தான் வாக்களித்ததைத் தன்னால் தர முடியாது என்று தெரிந்தே அனுப்புகிறான். இது நல்லவன் செயலா? சாதுவான பொய் என்று உலகில் ஒன்று இல்லை. பொய்க்குக் காவல் தேவைப்படும் நாள் வரும். அந்நாளில் அது உயிர்ப்பலி கேட்கும். மரகத நகரின் மலர்த்தோட்டத்துக்குப் பின்னே மறைந்திருக்கும் கொடுமை இதுதான்.

தெரிந்தும் கேட்டவர்கள்

இனி, நூலின் மிகக் கூர்மையான பகுதிக்கு வருகிறோம். புரட்டு வெளிப்பட்ட பின் பொம்மை மூளை கேட்கிறது. கிழவன் உண்மையையே சொல்கிறான்: உனக்கு மூளை தேவையில்லை, பட்டறிவுதான் தேவை என்கிறான். சிங்கத்திடம், அஞ்சும்போதும் ஆபத்தை எதிர்ப்பதே வீரம் என்கிறான். இதைவிடச் சிறந்த அறிவுரை எவர் சொல்ல முடியும்? அவர்கள் கேட்டார்களா? இல்லை! எங்களுக்கு வேண்டியது வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். தவிட்டோடு குண்டூசியும் தையலூசியும் கலந்து பொம்மையின் தலையில் அடைக்கிறான். மரத்தூள் அடைத்த பட்டு இதயம் தகர மார்பில் ஏறுகிறது. பச்சைக் குப்பியிலிருந்து ஊற்றிய நீர் சிங்கத்தின் வயிற்றில் இறங்குகிறது. மூவரும் மகிழ்ச்சியில் திளைக்கிறார்கள். நடக்கவே முடியாததைச் செய் என்று இவர்களே வற்புறுத்தினால், நான் எத்தனாக இல்லாமல் எப்படி இருப்பது என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான் கிழவன்.

இக்கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. ஏமாற்றுவோனை மட்டும் சாடிக்கொண்டிருந்தால் போதாது. ஏமாற விரும்பும் உள்ளம் ஒன்று இருக்கிறது. அது உண்மையைக் காதால் கேட்ட பின்னும் தவிட்டையே விரும்புகிறது. பொம்மை வழியெல்லாம் நல்ல யோசனை சொல்லிவந்தது. சிங்கம் துணிந்து பாய்ந்தது. தகர மனிதன் சிற்றுயிருக்கும் இரங்கி அழுதான். தம்மிடம் இருந்ததைத் தாம் நம்பவில்லை. பிறன் கையால் வந்தால்தான் நம்புவோம் என்றனர்.

நான்காவது விருப்பம் ஒன்றே பொய்க்கு அகப்படவில்லை. டாரதிக்கு வேண்டியது நம்பிக்கையால் நிறையும் பொருளன்று. கான்சாஸ் சேர்ந்தால் சேர்ந்தது, சேராவிட்டால் இல்லை. "சேர்ந்துவிட்டேன் என்று நம்பு" என்று அவளிடம் சொல்ல முடியுமா? அங்கேதான் மந்திரவாதி தோற்றான். பட்டுத் துணிகளைத் தைத்துப் பலூன் செய்தான். அது அவளை விட்டுவிட்டு அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தது. ஊர் சேர்க்கும் ஆற்றலோ முதல் நாளிலிருந்து அவள் காலில் கிடந்த வெள்ளிக் காலணியில் இருந்தது. எந்த வாக்குறுதி வந்தாலும், "இது நடந்ததா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்க்க வழி உண்டா?" என்று கேட்டுப் பழக வேண்டும். தவிடும் பயணமும் பிரியும் இடம் அதுவே.

ஆள் போனான், ஆணை போகவில்லை

உண்மை தெரிந்த நால்வரும் ஊரைக் கூட்டிச் சொன்னார்களா? சொல்லவில்லை. இரகசியம் காக்க ஒப்புக்கொண்டார்கள்! மேகத்தில் வாழும் மந்திரவாதிச் சகோதரனைப் பார்க்கப் போகிறேன் என்று கடைசிப் பொய்யும் சொல்லிவிட்டு அவன் பறந்தான். பொம்மை அரியணை ஏறியது. வைக்கோல் அடைத்த மனிதனை அரசனாகக் கொண்ட ஊர் உலகில் வேறில்லை என்று மக்கள் பெருமை பேசினார்கள். அந்த நகைச்சுவையில் எத்துணை நெருப்பு இருக்கிறது!

டாரதி மீண்டும் புறப்பட்டபோது வாயிற்காவலன் வழக்கம்போலவே கண்ணாடியைப் பூட்டுத் திறந்து எடுத்துப் பெட்டியில் வைக்கிறான். அப்படியானால் பூட்டு அன்றும் இருந்தது! ஆணையிட்டவன் இல்லை, ஆணை இருக்கிறது. 1904-ஆம் ஆண்டு நூலில் பரங்கிக்காய்த் தலையன் ஜாக் அந்நகர்க்கு வருகிறான். அவனுக்கும் கண்ணாடி. ஏன் என்று கேட்டால் வாயிலில் கிடைக்கும் முதல் விடை, இதுதான் இவ்வூர் வழக்கம் என்பது! கண் கூசும் என்ற பழைய காரணம் அதற்குப் பின்னால் வருகிறது. தோழர்களே, ஆணை வழக்கமாக மாறும் அந்தத் தருணத்தை இவ்வளவு சுருக்கமாக எழுதிக் காட்டிய கதைகள் சிலவே. ஆணையை எதிர்க்க ஆணையிட்டவன் இருக்கிறான். வழக்கத்தை எதிர்க்க எவனைத் தேடுவது? அது ஒவ்வொரு முகத்திலும் அல்லவா பூட்டியிருக்கிறது!

ஆசிரியர் கண்ணிலும் கண்ணாடி

இத்துணைத் தெளிவாகப் புரட்டின் இயல்பை எழுதியவர் யார்? பாம் 1856-ல் பிறந்தவர், 1919-ல் மறைந்தவர். 1888-ல் டகோட்டாவின் அபர்தீன் ஊருக்குச் சென்று கடை வைத்து நொடித்தார்; பின் அங்கே ஒரு வார ஏடு நடத்தினார். வறட்சியில் வாடிய அந்நாளில், குதிரைக்குப் பச்சைக் கண்ணாடி மாட்டி மரச்சீவலைப் புல்லென்று தின்னச் செய்யும் உழவனைப் பற்றி அவ்வேட்டில் 1890-ல் வேடிக்கையாக எழுதினார். கண்ணாடி ஏமாற்றியது, ஆனால் குதிரை கொழுக்கவில்லை! நகரத்தின் விதை அங்கே விழுந்தது. 1891-ல் சிகாகோ சென்றார். அங்கே 1893-ல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக எழுந்தது 'வெள்ளை நகரம்'. சாந்தும் நாரும் கலந்து பூசி, வெண்பளிங்குபோல் காட்டிய மாளிகைகள். மரகத நகருக்கு அதுவும் ஒரு முன்மாதிரி என்பர். 1897-ல் கடைமுகப்பு அலங்காரத்துக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். 1900-ல், மந்திரவாதி வந்த அதே ஆண்டில், அக்கலை பற்றித் தனி நூலும் வெளியிட்டார். வாசலில் மெய்மரகதம் பதித்த கை எந்தக் கையென்று இப்போது விளங்கும்.

அவர் மாமியார் மெட்டில்டா ஜோஸ்லின் கேஜ், பெண்ணுரிமைப் போராளி. மதம் பெண்ணை அடிமைப்படுத்திய வரலாற்றை 1893-ல் நூலாக எழுதியவர். பாமும் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று தம் ஏட்டில் எழுதினார். ஆனால் 1904 நூலில், ஆடவர் ஆண்டது போதும் என்று பெண் படை மரகத நகரைப் பிடிக்கிறபோது, அவர்கள் கையில் பின்னல் ஊசியையும் நெஞ்சில் நகையாசையையும் வைத்துச் சிரிக்க வைக்கிறார். எனினும் அங்கேயே ஓர் உண்மையும் வெளிப்படுகிறது. வீட்டு வேலை செய்து களைத்த ஆடவன் ஒருவனிடம், பெண்கள் இதை எப்படி எளிதாகச் செய்தார்கள் என்று கேட்க, அவர்கள் வார்ப்பிரும்பால் ஆனவர்களோ என்னவோ என்கிறான். கண்ணாடி ஒரு கணம் நழுவுகிறது, உடனே மாட்டிக்கொள்கிறார்.

இதைவிடக் கொடிய கறை ஒன்று உண்டு. 1890 டிசம்பரில் சிட்டிங் புல் என்னும் லகோட்டாத் தலைவர் கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் வூண்டட் நீ என்னுமிடத்தில் படை லகோட்டா மக்களைச் சுட்டு வீழ்த்தியது. அந்நாள்களில் பாம் தம் ஏட்டின் தலையங்கங்களில், அமெரிக்கப் பழங்குடிகளை அடியோடு அழித்துவிடுவதே தக்கது என்று எழுதினார். 2006-ல் அவர் வழித்தோன்றல்கள் இதற்காக மன்னிப்புக் கேட்டனர். மந்திரவாதியின் புரட்டை இவ்வளவு கூர்மையாகக் கண்ட கண்ணுக்கு, பக்கத்தில் வாழ்ந்த மனிதனின் உயிர் தெரியவில்லை! நூலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நாம். பிறர் கண்ணாடியைக் கண்டுகொண்டவன் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டதாகப் பொருள் இல்லை என்பதை நூலும் நூலாசிரியரும் சேர்ந்து கற்பிக்கிறார்கள் என்கிறோம். அந்தப் பாடம் அவர்க்கு மட்டும் உரியதா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

திரைப்படம் திருடிய பூட்டு

1939-ல் எம்.ஜி.எம். நிறுவனம் இக்கதையைப் படமாக்கியது. வண்ணம் மின்னும் படம், பாட்டும் இனிது. ஆனால் அப்படத்தில் பச்சைக் கண்ணாடி இல்லை! நகரம் உண்மையிலேயே பச்சையாக நிற்கிறது. வாயிற்காவலன் உண்டு, பெட்டி இல்லை, பூட்டு இல்லை, திறவுகோல் இல்லை. திரைக்குப் பின்னிருந்த கிழவன் மட்டும் மிஞ்சினான். முடிவில் எல்லாம் கனவு என்றும் ஆயிற்று. உலகம் அறிந்த மரகத நகரம் அந்தப் படத்து நகரம்தான். அதனால் "திரைக்குப் பின்னால் இருப்பவன்" என்பது பேச்சு வழக்காகவே பரவிற்று. கண்ணாடி, நூலைப் படித்தவரின் நினைவில் மட்டும் தங்கிற்று. குற்றம் ஒருவனுடையதாகச் சுருங்கியது. ஊர் முழுதும் தப்பித்துக்கொண்டது.

1964-ல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்னும் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், மஞ்சள் சாலை பொன் நாணயம் என்றும், வெள்ளிக் காலணி வெள்ளி நாணயக் கோரிக்கை என்றும் அக்கால அரசியலோடு பொருத்திக் கட்டுரை எழுதினார். வகுப்பறைக்குச் சுவையான விளக்கம்தான். எனினும், மறைபொருள் தேடி அலைய வேண்டியதில்லை என்பது நம் கருத்து. மூடிய பொருளைத் தேடும் ஆர்வத்தில், திறந்தே கிடக்கும் பெட்டியைப் பாராமல் போகலாகாது.

1910-ல் வந்த ஆறாம் நூலில் நகரம் வளர்ந்திருக்கிறது. 9,654 கட்டடங்கள், 57,318 மக்கள். பணம் இல்லை, ஏழை இல்லை, பாதிப் பொழுது உழைப்பு, பாதிப் பொழுது ஆட்டம். பொருளெல்லாம் ஆளும் ஓஸ்மாவின் உடைமை. அவள் அன்புள்ளவள், ஆகையால் எல்லார்க்கும் கிடைக்கிறது. இனிய கனவு! ஏழ்மை ஒழிந்த நகரை யார்தான் விரும்பார்? ஆயினும் கேட்கத்தான் வேண்டும்: ஆள்பவள் அன்பு வற்றினால் என்ன செய்வது? அங்கும் மன்றம் இல்லை. கேட்கும் உரிமை பற்றிப் பேச்சில்லை. அருளால் கிடைக்கும் சோறு அருள் உள்ள வரைதான். உரிமையால் கிடைக்கும் சோறே நாளைக்கும் சோறு.

ஆகவே தோழர்களே, இந்நகருக்கு ஒருமுறை சென்று வாருங்கள். சிறுவர் நூல், ஓரிரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கலாம். படிக்கும்போது திரை சாயும் இடத்தில் சிரியுங்கள். அங்கேயே நூலை மூடிவிடாதீர். வாயிலுக்குத் திரும்பி வந்து, அந்தப் பெட்டியைப் பாருங்கள். ஒரு மந்திரவாதியை விரட்ட ஒரு நாய் போதும். கதையே அதற்குச் சான்று. ஓர் ஊரின் கண்ணாடியைக் கழற்ற, உண்மை அறிந்தவன் வாய் திறக்க வேண்டும், ஒருவரிடமன்று, ஊரிடம். அன்று அந்நால்வரும் வாய் திறந்திருந்தால் மரகத நகரத்து மக்கள் முதன்முதலாக வெள்ளை வெயிலைக் கண்டிருப்பார்கள். நகரம் அழகு குறைந்திருக்குமா? இராது. அது அவர்கள் கட்டிய நகரம்; அழகாகவே கட்டியிருந்தார்கள்.